எதற்காகக் கைதட்டுகிறோம்?

அன்புள்ள ஐயா,

சோமாலிய ஓட்டக்காரர் சாமியா யூசுஃப் ஒமரின் கதையை எங்கள் கல்லூரிக் குழு இசை நாடகமாகப் போட இருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஓடியவர். 2012இல் லிபியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் படகில் போகும்போது மத்தியதரைக் கடலில் மூழ்கி இறந்தவர். "இப்படிப்பட்ட சாவைப் பாட்டும் ஆட்டமுமாகக் காட்டுவது அவமரியாதை" என்று குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

ம.

அன்புள்ள ம.,

தாராளமாகப் பாடுங்கள். கூத்தில் கர்ணன் விடிய விடியப் பாடித்தான் சாகிறான். அதை யாரும் அவமரியாதை என்று சொன்னதில்லை. சாமியாவின் நாட்டிலும் நாடகமென்றால் பாட்டு உண்டு. சோமாலியர்கள் இன்றும் முணுமுணுக்கும் பழைய பாட்டுகளில் பல, மேடை நாடகத்துக்காக எழுதப்பட்டவை.

அந்தப் பாட்டுக்கு என்ன ஆனது என்பதையும் பாருங்கள். 2010இல் ஓர் ஆயுதக் குழு வானொலியில் இசையே கூடாது என்று உத்தரவு போட்டது. தலைநகர் மொகதிஷுவின் நிலையங்கள் சில, நிகழ்ச்சிகளுக்கு நடுவே துப்பாக்கிச் சத்தத்தையும் மிருகங்களின் குரலையும் ஒலிபரப்பின! அங்குள்ள அல் ஷபாப் என்ற தீவிரவாதக் குழுவுக்குப் பெண்கள் விளையாடுவதும் குற்றம். மிரட்டலுக்குப் பயந்து, தான் ஓட்டக்காரர் என்பதையே சாமியா மறைக்க வேண்டியிருந்தது. 2012 ஏப்ரலில் மொகதிஷுவின் தேசிய நாடக அரங்கில் தற்கொலைக் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் சோமாலிய ஒலிம்பிக் குழுவின் தலைவரும் ஒருவர். சாமியா கடலில் போனதும் அதே மாதம்தான். பாட்டையும் ஓட்டத்தையும் நிறுத்தப் பார்த்தவர்கள் ஒரே வகை ஆட்கள். அதனால் அவர் கதையைப் பாடுவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

பயம் வேறொன்றில் இருக்கிறது. பெய்ஜிங்கில் 200 மீட்டர் முதல் சுற்று. தொளதொள சட்டை, நெற்றியில் வெள்ளைப் பட்டை, ஒல்லியான 17 வயதுப் பெண். 32.16 விநாடி. முதலில் வந்தவர் கோட்டைத் தாண்டி 9 விநாடி ஆகியும் சாமியா தடத்தில் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறார். அரங்கமே தட்டுகிறது. கைதட்டியதில் சந்தோஷம், ஆனால் ஜெயித்ததற்காகத் தட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்ற பொருளில் பிறகு நிருபரிடம் சொன்னார்.

உங்கள் நாடகம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து தட்டுவார்களே, அதுவும் அவர் விரும்பாத அதே கைதட்டலாகிவிடக் கூடாது. ஆகவே 'விடுதலை, விடுதலை' என்று ஊதிப் பெருக்காதீர்கள். குண்டு துளைத்த கோனிஸ் மைதானத்தில் பயிற்சி செய்தவர், நாட்டை விட்டு முதலில் போனது எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவுக்கு, ஒரு பயிற்சியாளரைத் தேடி. நோக்கம் லண்டன் ஒலிம்பிக். விநாடியைக் குறைக்க வேண்டும் என்ற வெறிதான் அவருடைய பாட்டு.

அந்த ஓட்டத்தை நான் மேடையேற்றினால் இப்படிச் செய்வேன்: கூட்டத்தின் தட்டு ஒரு தாளம், அவருடைய காலடி இன்னொரு தாளம், இரண்டும் கடைசிவரை சேரவே கூடாது. 32 விநாடியை ஐந்து நிமிடத்துக்கு இழுக்கலாம். பாட்டுக்கு அந்த வசதி உண்டு, வசனத்துக்குக் கிடையாது. கடல் காட்சியைச் சுருக்கிவிடுங்கள். தயவுசெய்து நாலு பேர் நீலத் துணியைப் பிடித்து ஆட்ட வேண்டாம். பள்ளி ஆண்டு விழாக்களில் போதுமான அளவு பார்த்தாயிற்று.

அப்புறம், முடிவில் ஒலிம்பிக் அகதிகள் அணியைக் கொண்டுவரலாம் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். 2016 ரியோவில் 10 பேரோடு அந்த அணி தொடங்கியது, 2024 பாரிஸில் குத்துச்சண்டையில் சிண்டி என்கம்பா அதற்கு முதல் பதக்கம் வாங்கினார். நல்ல சேதிதான், ஆனால் அது அவர்களுடைய கதை. சாமியா ஓடியது சோமாலியாவுக்காக. பார்வையாளர் நிம்மதியாக வீட்டுக்குப் போக வேண்டுமென்று அடுத்தவர் பதக்கத்தை இவர் கழுத்தில் மாட்டக் கூடாது.

முதல் பாட்டை எழுதியதும் அனுப்புங்கள். அதில் கடல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.