பதில்: எம்எஸ், இடது கால் தட்டுது, ஸ்டிக்கா வாக்கரா?

சிஸ்டர், எம்எஸ் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை, தண்டுவட நரம்புகளத் தாக்குற நோய்) இருக்கு, காலைல நல்லா நடக்குறேன், மத்தியானம் வெயில்ல போனா இடது கால் விரல் தரையில தட்டுது, ஸ்டிக் வாங்கியும் பிரயோஜனம் இல்ல, வாக்கர் வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. முதல்ல ஸ்டிக்க எந்தக் கைல பிடிக்கிறீங்க? நிறைய பேர் வீக்கான கால் பக்கமே பிடிக்கிறாங்க, உங்களுக்கு அது வலது கைல இருக்கணும், இடது காலோட சேர்ந்து முன்னாடி போகணும். உயரம், செருப்பு போட்டு நின்னு கைய தொங்கவிட்டா மணிக்கட்டு வர்ற அளவு. அடி ரப்பர் தேஞ்சா உடனே மாத்துங்க, பாத்ரூம்ல வழுக்கும்.

ஆனா விரல் தட்டுறது ஸ்டிக்கால சரியாகாது, ஃபுட் டிராப் (பாதத்த மேல தூக்க முடியாம தொங்குறது) மாதிரி தெரியுது, அதுக்கு ஏஎஃப்ஓன்னு ஷூக்குள்ள போடுற ஒரு ஸ்ப்லிண்ட் இருக்கு, பாதம் தொங்காம தாங்கிக்கும். ஆன்லைன்ல ஆர்டர் போடாதீங்க, பிசியோ நீங்க நடக்குறத பாத்து, முடிஞ்சா களைச்சுப் போன நேரத்துல பாத்து சொல்லட்டும். கால் மரத்துப்போச்சுன்னா உரசி புண்ணாகுறதே தெரியாது, தினமும் கழட்டிப் பாருங்க.

வெயில்ல மோசமாகுறது உடம்பு சூடேறுறதால, குளிர்ந்தா பழையபடி ஆகிடும். புதுசா வந்தது ஒரு நாளுக்கு மேல அப்படியே நின்னா நியூராலஜிஸ்ட்ட சொல்லுங்க.

களைப்புதான் பெரிய தொல்லைன்னா பிரேக்கும் சீட்டும் உள்ள ரோலேட்டர் (சக்கரம் வச்ச வாக்கர்) நல்லது, ஆனா நம்ம ஊர் பிளாட்பாரத்துல அத உருட்டுறது கொடுமை, மால், ஆஸ்பத்திரிக்கு ஓகே. தூரமா போறப்ப மட்டும் வீல்சேர் வச்சுக்கிறதுல தப்பே இல்ல, யார் என்ன சொன்னாலும்.

அப்புறம் 2016 மாற்றுத்திறனாளி சட்டத்துல எம்எஸ்ஸும் இருக்கு, யூடிஐடி கார்டுக்கு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) அப்ளை பண்ணியாச்சா?