லைன்-ஹைட்டில் 1.5 என்று எழுதுவதற்கும் 1.5எம் என்று எழுதுவதற்கும் என்ன வித்தியாசம்?

லைன்-ஹைட் என்பது வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியில் வரியின் உயரத்தைச் சொல்லும் பண்பு, எம் என்பது எழுத்தளவை வைத்து அளக்கும் அலகு. பாடியில், அதாவது பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் தாங்கும் உறுப்பில், எதை எழுதினாலும் பத்தியில் ஒரே இடைவெளிதானே வருகிறது, பிறகு ஏன் அலகில்லாமல் எழுதச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பாடிக்கு 150 சதவீதம் என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் திறந்தால், தலைப்பு இரண்டு வரியாக மடங்கியிருந்தது. மேல்வரியில் இருந்த ‘மு’வின் வால் கீழ்வரியின் புள்ளிகளுக்குள் இறங்கிவிட்டிருந்தது. கணினித் திரையில் தலைப்பு ஒரே வரியில் அடங்கியதால் கோளாறு அதுவரை கண்ணில் படவே இல்லை.

நடந்தது இதுதான். பாடியின் எழுத்தளவு 16 பிக்சல். 1.5எம் அல்லது 150 சதவீதம் என்று எழுதினால் உலாவி அங்கேயே கணக்குப் போட்டு 24 பிக்சல் என்று முடித்துவிடும். பாடிக்குள் இருக்கும் பிள்ளை உறுப்புகளுக்குப் போய்ச் சேருவது அந்த 24 மட்டுமே. எச்1 என்ற முதன்மைத் தலைப்பின் எழுத்து 32 பிக்சல். 32 பிக்சல் எழுத்தை 24 பிக்சல் உயர வரிக்குள் திணித்தால் மோதாமல் என்ன செய்யும்? அப்பாவுக்குத் தைத்த சட்டையை, அவரைவிட வளர்ந்துவிட்ட மகனுக்கு மாட்டிய கதைதான்.

வெறும் 1.5 என்று எழுதினால் விடையை அல்ல, பெருக்கும் எண்ணையே பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள். ஒவ்வோர் உறுப்பும் தன் எழுத்தளவால் அதைப் பெருக்கிக்கொள்ளும். தலைப்புக்கு 48 பிக்சல், 12 பிக்சல் அடிக்குறிப்புக்கு 18 பிக்சல். முந்தைய முறையில் அதே அடிக்குறிப்பு 24 பிக்சல் வரியில் தொளதொளவென்று கிடந்திருக்கும். இதைப் பலரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் எதுவும் மோதுவதில்லை, அசிங்கமாக மட்டும் இருக்கும்.

பக்கத்தின் வேர் உறுப்பின் எழுத்தளவை வைத்து அளக்கும் ரெம் அலகு காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். அதுவும் நிலையான நீளமாகத்தான் இறங்கும். ஃபான்ட் என்ற சுருக்க வடிவில் சாய்கோட்டுக்குப் பின்னால் வரி உயரத்தை எழுதுவதற்கும் இதே விதிதான்.

எண்ணுக்கு மாறியபின் பெரிய தலைப்பில் 1.5 சற்று அதிகமாகத் தோன்றலாம். நான் தலைப்புக்குத் தனியாக 1.3 வைப்பேன். தமிழ்ப் பத்திக்கு 1.6க்குக் கீழே இறங்குவதில்லை. மேலே புள்ளியும் ‘கி’யில் வருவது போன்ற விலங்கும், கீழே வாலும் இருக்கும் எழுத்துக்கு மூச்சுவிட இடம் வேண்டும். ஒற்றை வரிப் பொத்தானில் எழுத்தை நடுவில் நிறுத்தப் பிக்சல் கணக்கு எழுதுபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அந்தப் பொத்தானின் எழுத்து ஒருநாளும் இரண்டாவது வரிக்குப் போகாது என்றால்.

சோதித்துப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை. உலாவியோடு வரும் டெவலப்பர் கருவியின் கணக்கிட்ட மதிப்புப் பகுதியில் பாடியைச் சொடுக்கினால், நீங்கள் எப்படி எழுதியிருந்தாலும் 24 பிக்சல் என்றுதான் காட்டும். தலைப்பைச் சொடுக்குங்கள். அங்கேதான் 24, 48 என்று பிரிந்து தெரியும்.