எலக்ட்ரிக் கிட்டாரில் இரண்டு பிக்கப்பும் சேர்ந்தால் மட்டும் ஒலி மெலிகிறதா?
புதிய பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) இரண்டு வயர்களையும் இடம் மாற்றி சால்டர் செய்யுங்கள். பிரிட்ஜ் பக்கம் ஹைப்ரிட் வகைப் பிக்கப் போட்ட பிறகு, தனித்தனியாக நன்றாக ஒலித்தும் கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்கப்போடு சேரும்போது மட்டும் தகரம் போல மெலிகிறது என்றால், பெரும்பாலும் ஃபேஸ் எதிராக இருக்கிறது, அதாவது இரண்டின் சிக்னலும் எதிரெதிராகி ஒன்றையொன்று குறைக்கின்றன. நல்ல பிக்கப், அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள்.

முதலில் இதைப் பாருங்கள். வால்யூம் முழுதாக வைத்து, கிட்டாரில் செருகிய கேபிளின் மறுநுனியில் மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் பிடியுங்கள். ஒவ்வொரு பிக்கப்பாகத் தேர்ந்தெடுத்து, ஸ்க்ரூடிரைவரை அதன் காந்த முனைகளில் வைத்துச் சட்டென்று எடுங்கள். எண் ஒரு கணம் துள்ளும். ஒரு பிக்கப்பில் ஏறி மற்றதில் இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

பிக்கப்புக்கு உலோக மூடி இருந்தால், மூடியின் கிரவுண்டை (எர்த் இணைப்பு) தனி வயராகப் பிரித்த பிறகே வயர்களை மாற்றுங்கள். இல்லையென்றால் மூடியில் கை பட்டாலே இரையும்.