ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்லுக்கு ரெசினா, கிளாஸ் அயனோமரா?

ஆறு வயது மகளின் புதிய கடைவாய்ப் பற்களுக்குச் சீலன்ட், அதாவது பல்லின் பிளவுகளை மூடிக் காக்கும் பூச்சு, போடச் சொல்கிறார்கள், பிளாஸ்டிக் வகையான ரெசின், சிமெந்து வகையான கிளாஸ் அயனோமர் இரண்டில் எது நன்றாகக் காக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பல் வைத்தியர் அல்ல, ஒட்டுசுட்டானில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் தாய். இரண்டு வகையும் என் மகளின் வாயில் இருந்தவை.

மூத்தவனுக்கு எதுவும் போடவில்லை. ஆறு வயதில் அவனுக்கு முளைத்த கடைவாய்ப் பல்லைப் பால்பல் என்றே நினைத்திருந்தேன். அந்தக் கடைவாய்ப் பல் எந்தப் பால்பல்லும் விழாமல் அவற்றுக்குப் பின்னால் முளைக்கும் நிரந்தரப் பல். ஒன்பது வயதில் சூத்தைக்காக அதைப் பிடுங்கிய அன்றுதான் இது எனக்குத் தெரிந்தது. இன்னும் மனம் ஆறவில்லை. அவன் பல் தீட்டாத பிள்ளையும் அல்ல. அரைக்கும் பரப்பிலுள்ள பிளவுகள் பிரஷ் நாரைவிட ஒடுக்கமானவை. பற்பசையின் புளோரைட்டும் பல்லின் பக்கங்களைக் காக்கும் அளவுக்கு அவற்றைக் காப்பதில்லை.

மகளுக்கு ஆறரை வயதில் கீழ்ப் பற்கள் இரண்டும் முழுதாக வந்திருந்தன. அவற்றுக்கு ரெசின். சாந்து பூசுமுன் சுவரைக் கொத்திவிடுவார்களே, அதுபோல அமிலம் தடவிப் பல்லைச் சொரசொரப்பாக்கி, கழுவி, உலர்த்தி, ரெசினை ஊற்றி நீல ஒளியில் இறுக்குகிறார்கள். நடுவில் எச்சில் பட்டால் பிடிப்பு போய்விடும். மேல்பற்கள் பாதி ஈறுக்குள் இருந்ததால் உலர்த்த முடியவில்லை. கிளாஸ் அயனோமர் ஈரத்தைப் பொறுக்கும், புளோரைட்டையும் மெல்ல வெளிவிடும் என்று அதைப் போட்டார்கள். ஒரு வருடத்தில் ஒரு மேல்பல்லில் அது தேய்ந்துபோயிற்று. கீழே ரெசின் அப்படியே இருந்தது. பல் முழுதாக வெளிவந்திருந்ததால் மேலேயும் ரெசின் போட்டுவிட்டோம்.

ஆகவே பல் முழுதாக வந்து, பிள்ளை அசையாமல் வாயைத் திறந்திருந்தால் ரெசினைக் கேளுங்கள். பாதி முளைத்த பல்லென்றால் காத்திருக்காதீர்கள், கிளாஸ் அயனோமரே போடுங்கள். நீடித்து நிற்பதில் ரெசின் முந்தி. ஆனால் சூத்தையைத் தடுப்பதில் எது மேல் என்று தீர்த்துச் சொல்லச் சான்று போதவில்லை என்கிறது, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2017 தொகுப்பாய்வு. போடாமல் விடுவதுதான் பெரிய இழப்பு. கடைவாய்ப் பற்களில் வரும் சூத்தையில் 80 வீதத்தைச் சீலன்ட் இரண்டு ஆண்டுகளுக்குத் தடுக்கிறது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. நான்கு ஆண்டுகள் வரை 50 வீதம்.

நீங்கள் வவுனியாப் பக்கம் கிணற்று நீர் குடிப்பவர் என்றால் ஒன்று. அங்கே பல இடங்களில் நீரில் புளோரைட் கூடுதல். பல்லில் வெள்ளைத் திட்டோ காவிக்கறையோ இருந்தால் வைத்தியருக்குக் காட்டுங்கள். அத்தகைய எனாமலில், அதாவது பல்லின் கடினமான மேலுறையில், அமிலம் எளிதாகப் பிடிக்காது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சீலன்டைப் பரிசோதிக்கச் செய்யுங்கள், உடைந்தால் திரும்பப் போடலாம். என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. அடுத்த கடைவாய்ப் பல் பன்னிரண்டளவில் வரும். ஞாயிறுதோறும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.