எடுத்த நண்டைத் திருப்பிப் போடாவிட்டால் நிகழ்தகவு எப்படி மாறும்?

பாம்பனில் ஒரு கூடையில் 12 நண்டு, அதில் 5 சினை நண்டு. பார்க்காமல் இரண்டு எடுத்தால், இரண்டுமே சினையாக இருக்க 5/12 × 5/12 தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. முதல் நண்டு கையில் இருக்கிறது, கூடையில் இல்லை. அது சினை என்றால் மீதி 11-இல் 4தான் சினை. ஆகவே 5/12 × 4/11 = 5/33, ஏறக்குறைய 0.15.

பலரும் தடுமாறுவது அடுத்த இடத்தில்தான். முதல் நண்டைப் பார்க்காமலே ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தால், அது சினையாக இருக்க என்ன வாய்ப்பு? 4/11 இல்லை, 5/11-உம் இல்லை, அதே 5/12! இரண்டு வழியையும் கூட்டிப் பாருங்கள்: முதலாவது சினை என்றால் 5/12 × 4/11, இல்லையென்றால் 7/12 × 5/11. மொத்தம் 55/132, அதாவது 5/12. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. நண்டு வெளியே போனதால் மட்டும் நிகழ்தகவு மாறுவதில்லை, அது எந்த நண்டு என்று தெரிந்தால்தான் மாறும்.

‘இரண்டில் குறைந்தது ஒன்று சினையாக இருக்க’ என்று கேட்டால் எதிர்ப்பக்கமாகப் போங்கள், இரண்டுமே சினையில்லாமல் இருக்கும் வாய்ப்பை 1-இலிருந்து கழியுங்கள்: 1 − 7/12 × 6/11 = 15/22.

அப்புறம், 1200 நண்டில் 500 சினை என்றால், இரண்டும் சினையாக இருக்கும் வாய்ப்பு திருப்பிப் போட்டால் 0.1736, போடாவிட்டால் 0.1734. அவ்வளவு பெரிய குவியலில் உங்கள் பழைய கணக்கே போதும்.