45 நாளில் பணம்: சிறு தொழில்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கணக்கு முடிக்கும் காலம் நெருங்கினால் எங்கள் அலுவலகத்துக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த ஒரு விதியைப் பற்றியதுதான். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கோ சேவையோ வாங்கியவர் எத்தனை நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்பதை 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டமே சொல்லியிருக்கிறது. பல வருடம் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவைச் சேர்த்தது. கெடு தாண்டிய பாக்கியை அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது, பணம் கொடுக்கும் வருடத்தில்தான் கழிக்கலாம் என்று ஆனது. 2023-24 கணக்கிலிருந்து இது அமலில் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தை 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் எடுத்துக்கொண்டாலும் பிரிவு எண்தான் மாறுகிறது, விதி அப்படியே தொடர்கிறது. வந்த கேள்விகளுக்குக் கீழே பதில் சொல்லியிருக்கிறேன்.

திருப்பூரில் பவர்டேபிள் (தையல்) யூனிட் வைத்திருக்கிறேன் மேடம். எங்கள் எக்ஸ்போர்ட் பார்ட்டி பர்சேஸ் ஆர்டரிலேயே "90 நாள்" என்று அச்சடித்துக் கொடுக்கிறார். நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்படியென்றால் 90 நாள்தானே?

இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது என்கிறது சட்டத்தின் 15-ஆம் பிரிவு. 90 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது 45-தான். இந்தச் சட்டத்துக்கு மற்ற ஒப்பந்தங்களையும் சட்டங்களையும் மீறும் வலு உண்டு என்று 24-ஆம் பிரிவு தனியாகவே சொல்லிவிடுகிறது.

பலர் கவனிக்காத இன்னொரு பக்கமும் இருக்கிறது. எழுத்தில் எதுவுமே இல்லை, போனில் பேசி வேலை நடக்கிறது என்றால் கெடு 45 நாள்கூட இல்லை, 15 நாள்தான். நம் ஊரில் ஜாப் ஒர்க் பெரும்பாலும் வாய்ப்பேச்சில்தான் ஓடுகிறது. அந்த வேலை எல்லாவற்றுக்கும் 15 நாள் கணக்குதான். நாள் எண்ணுவது பில் தேதியிலிருந்து இல்லை, சரக்கு அவர் கைக்குப் போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து. அதனால் டெலிவரி சலானில் வாங்கியவர் கையெழுத்தும் தேதியும் இல்லாமல் வண்டியைத் திருப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் "சரக்கு வந்துவிட்டது" என்று ஒரு வரி வாங்கி வைத்தாலும் நாளைக்கு உதவும்.

நான் அந்தப் பக்கம் இருப்பவன். கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி. வெளிநாட்டு பையர் எனக்கு 120 நாள் கழித்துத்தான் பணம் தருகிறார். நான் எப்படி 45 நாளில் கொடுப்பது?

உங்கள் சிரமம் நிஜமானது. ஆனால் அந்த 120 நாளை யார் தாங்குவது என்று கேட்டால், பேங்கில் பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதி ஆர்டருக்கான கடன்) வாங்க முடிகிற நீங்களா, வாரக்கூலி கொடுக்க வேண்டிய தையல் யூனிட்காரரா? சட்டம் உங்களைத்தான் தாங்கச் சொல்கிறது. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

வரியில் என்ன ஆகும் என்று பார்ப்போம். கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31 அன்று 10 லட்சம் நிற்கிறது என்று வையுங்கள். அந்த 10 லட்சம் உங்கள் வருமானத்தோடு கூடிவிடும். கூட்டு நிறுவனமாக (பார்ட்னர்ஷிப்) இருந்தால் 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 3 லட்சத்து 12 ஆயிரம். அடுத்த வருடம் பணத்தைக் கொடுத்ததும் செலவாகக் கழித்துக்கொள்ளலாம், தொகை அடியோடு போய்விடவில்லை. ஆனால் ஒரு வருடத்துக்கு அந்தப் பணம் அரசாங்கத்திடம் முடங்கும். ஜிஎஸ்டி, பிஎஃப் பாக்கி போல ரிட்டர்ன் போடும் தேதிக்குள் கட்டிச் சரிசெய்யும் வசதி இதற்குக் கிடையாது.

மார்ச் 31 அன்று நிற்கும் எல்லாப் பாக்கியும் இதில் சிக்காது. பிப்ரவரி 20-இல் சரக்கு வந்தது, எழுத்தில் 45 நாள் ஒப்பந்தம் இருக்கிறது என்றால் கெடு ஏப்ரல் 6. அதற்குள் கொடுத்தால் செலவு இந்த வருடத்திலேயே நிற்கும். எழுத்தில் இல்லையென்றால் 15 நாள் கணக்கில் அந்தக் கெடு மார்ச் முதல் வாரத்திலேயே முடிந்துபோயிருக்கும். ஆகவே ஒப்பந்தத்தை எழுதி வைப்பதால் முதலில் லாபம் அடைவது வாங்குகிற நீங்கள்தான். வெள்ளைத்தாளில் ஒரு பக்கம் போதும்.

நூல் எல்லாம் டிரேடரிடம்தான் வாங்குகிறோம். அவரும் உத்யம் (அரசின் எம்எஸ்எம்இ பதிவு) சான்றிதழ் காட்டுகிறார். அவருக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. 2021 ஜூலையில் வியாபாரிகளுக்கும் உத்யம் பதிவைத் திறந்துவிட்டார்கள், ஆனால் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு உற்பத்தி, சேவை செய்பவர்களுக்குத்தான். அவருடைய சான்றிதழில் தொழில் வகை என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். "நடுத்தர" நிறுவனம் என்று இருந்தாலும் இந்த விதி இல்லை, குறு, சிறு இரண்டுக்கு மட்டுமே.

குறு, சிறு என்று பிரிக்கும் வரம்புகள் மாறிவிட்டதாகச் சொல்கிறார்களே?

2025 ஏப்ரல் 1 முதல் மாறியிருக்கின்றன. இயந்திர முதலீடு இரண்டரைக் கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை குறு நிறுவனம். 25 கோடி, 100 கோடி வரை சிறு நிறுவனம். முன்பு சிறு நிறுவனத்தின் விற்றுமுதல் எல்லை 50 கோடிதான். ஆகவே நீங்கள் "நடுத்தரம்" என்று ஒதுக்கி வைத்திருந்த சப்ளையர் சிலர் இப்போது உள்ளே வந்திருப்பார்கள். பழைய சான்றிதழை வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள்.

கோவையில் ஃபவுண்டரி. எங்கள் பெரிய கஸ்டமர் "உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வா, அப்போதுதான் ஆர்டர்" என்கிறார். மாத வியாபாரத்தில் பாதி அவருடையது. என்ன செய்ய?

இந்தக் கேள்வி என்னைக் கோபப்படுத்துகிறது. 2024 தொடக்கத்தில், விதி வந்த பிறகு முதல் வருடக் கணக்கு முடியும் நேரத்தில், பல ஊர்களில் இதே பேச்சுதான். விதியை எதிர்த்து வணிகர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2024 மே மாதம் நீதிமன்றம் அந்த மனுவை எடுக்காமல் உயர் நீதிமன்றங்களுக்குப் போகச் சொல்லிவிட்டது. விதி நிற்கிறது.

ரத்து செய்தால் உங்களுக்கு என்னென்ன போகும் என்று எண்ணிப் பாருங்கள். தாமத வட்டி கேட்கும் உரிமை, பாக்கித் தகராறைத் தீர்க்கும் அரசுக் கவுன்சிலுக்குப் போகும் வழி, அரசு டெண்டரில் டெபாசிட் கட்டாமல் இருக்கும் சலுகை, கடனில் கிடைக்கும் முன்னுரிமை, எல்லாமே. ஒரு கஸ்டமரின் வரிக் கணக்குக்காக இத்தனையையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

பாதி வியாபாரம் என்னும்போது முறைத்துக்கொண்டு போகவும் முடியாது, தெரிகிறது. அவருடைய ஆடிட்டரிடம் பேசுங்கள், அல்லது உங்கள் ஆடிட்டரைப் பேசச் சொல்லுங்கள். 45 நாளுக்கு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்வோம், மார்ச் கடைசியில் கெடு தாண்டிய பில் எதுவும் நிற்காமல் ஜனவரியிலேயே பட்டியல் அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லுங்கள். அவருக்கு உண்மையான பயம் வருடக் கடைசியில் வரும் வரிதான் என்றால் இதிலேயே இறங்கி வருவார். இறங்கி வரவில்லை என்றால், அவருக்குக் காலத்தில் பணம் கொடுக்கும் எண்ணமே இல்லை என்று புரிந்துகொண்டு வேறு பார்ட்டிகளைத் தேடத் தொடங்குங்கள்.

மூன்று மாதம் கழித்து "பிரிண்ட் சரியில்லை" என்று டெபிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) அனுப்புகிறார்கள். அதைக் காட்டிப் பாக்கியையும் நிறுத்தி வைக்கிறார்கள்.

சரக்கில் குறை இருந்தால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால், நீங்கள் குறையைச் சரிசெய்து கொடுத்த நாளிலிருந்து கெடு ஓடும். 15 நாளில் எதுவும் சொல்லவில்லை என்றால் டெலிவரி ஆன நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம். மூன்றாவது மாத டெபிட் நோட் கெடுவை நகர்த்தாது. குறை நிஜமா இல்லையா என்பது தனி வாதம், அதைக் கவுன்சிலில் அவர் வைக்கலாம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: டெபிட் நோட் வந்ததும் ஏற்கவில்லை என்று உடனே மெயிலில் பதில் போடுங்கள். பேசாமல் இருந்துவிட்டு ஆறு மாதம் கழித்து மறுத்தால் உங்கள் பேச்சு எடுபடாது.

வட்டி எவ்வளவு கேட்கலாம்?

ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட் எவ்வளவோ அதைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. பேங்க் ரேட் ஐந்தரை என்றால் வருடத்துக்குப் பதினாறரை சதவீதம். 5 லட்சம் பாக்கி கெடு தாண்டி ஆறு மாதம் நின்றால் வட்டி மட்டும் சுமார் 42,700 ரூபாய். கொடுப்பவர் இந்த வட்டியைத் தன் வருமான வரியில் செலவாகக் காட்டவே முடியாது, எந்த வருடத்திலும் முடியாது.

சென்னையில் தனியாக கிராஃபிக் டிசைன் செய்கிறேன். கம்பெனி எதுவும் இல்லை. இதெல்லாம் தொழிற்சாலைக்காரர்களுக்குத்தானே அக்கா?

இல்லைம்மா, உனக்கும்தான். சேவை செய்யும் தனிநபரும் ஆதார், பான் வைத்து உத்யம் பதிவு செய்யலாம். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இடைத்தரகர் தளங்கள் நிறைய இருக்கின்றன, அரசுத் தளத்திலேயே போ. பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடு. வேலையை ஒப்படைத்த மெயில்தான் உனக்கு டெலிவரி சலான்.

பில் போட்ட பிறகுதான் பதிவு செய்தேன். அந்தப் பழைய பில்லுக்குக் கவுன்சிலுக்குப் போகலாமா?

இது இன்னும் தீராத விஷயம். சில்பி இண்டஸ்ட்ரீஸ் (2021), மகாகாளி ஃபுட்ஸ் (2022) வழக்குகளில், பதிவுக்குப் பிறகு கொடுத்த சரக்குக்குத்தான் பலன் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் என்பிசிசி வழக்கில் இரண்டு நீதிபதிகள் ஒப்பந்தத்துக்கு முன்பே பதிவு இருந்தாக வேண்டும் என்பது சட்டத்தில் இல்லை என்று கருதி, விஷயத்தை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினார்கள். அதை நம்பிக்கொண்டு காத்திருக்காதீர்கள். இன்னும் பதிவு செய்யாதவர்கள் அடுத்த பில் போடுவதற்கு முன் செய்துவிடுங்கள்.

எங்கள் கஸ்டமர் மிகப் பெரிய கம்பெனி. சண்டை போடாமல் சீக்கிரம் பணம் வாங்க வழி இருக்கிறதா?

பில்லை வைத்து வங்கிகளிடம் முன்கூட்டியே பணம் வாங்கும் டிரெட்ஸ் என்ற ஆன்லைன் தளம் இருக்கிறது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் அதில் சேர்ந்தாக வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டிருக்கிறது. ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்றவை இந்தத் தளங்கள். உங்கள் பில்லைக் கம்பெனி அதில் ஏற்றுக்கொண்டால் வங்கிகள் போட்டி போட்டுத் தள்ளுபடிக்கு எடுக்கும். கம்பெனி பிறகு கட்டாவிட்டாலும் வங்கி உங்களிடம் திரும்பி வராது. கம்பெனிகள் சேர்ந்துவிட்டு பில்லை ஏற்றாமல் இருப்பதுதான் குறை. கேட்டால்தான் நடக்கும், கேளுங்கள்.



  

சிவகாசியில் அச்சகம். வட மாநிலத்துப் பார்ட்டி ஒருவர் நாலு வருடமாகப் பணம் தரவில்லை. அங்கே போய் வழக்கு நடத்த எனக்குத் தெம்பில்லை. விட்டுவிடலாமா?

அங்கே போகவே வேண்டாம் ஐயா. சப்ளையர் எங்கே இருக்கிறாரோ அந்தக் கவுன்சிலுக்கே அதிகாரம், வாங்கியவர் இந்தியாவில் எந்த மூலையில் இருந்தாலும் சரி. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் கவுன்சில்கள் உண்டு, உங்களுக்கு மதுரை. மனுவை ஆன்லைனிலேயே போடலாம். முதலில் சமரசம் பேசுவார்கள், அது முறிந்தால் நடுவர் விசாரணை. 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீள்கிறது, அதற்குத் தயாராக இருங்கள். தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக வாங்கியவர் முதலில் 75 சதவீதப் பணத்தைக் கட்ட வேண்டும். இழுத்தடிப்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் பேச்சுவார்த்தைக்கு வருகிறார்கள்.

உங்களுக்குச் சிக்கல் அந்த நாலு வருடம். காலவரம்பு மூன்று வருடம். 2025 ஜூலையில் சோனாலி பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துச் சொன்னது: காலம் கடந்த பாக்கியையும் சமரசப் பேச்சுக்குக் கொண்டுபோகலாம், ஆனால் நடுவர் விசாரணைக்குக் காலவரம்பு பொருந்தும். அதனால் முதலில் பழைய மெயில், லெட்ஜர் கன்ஃபர்மேஷன் (பாக்கிக் கணக்கு சரி என்று அவர் எழுதிக் கொடுத்தது) எல்லாவற்றையும் தேடுங்கள். மூன்று வருடம் முடிவதற்கு முன்பே "பாக்கி இருக்கிறது" என்று அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தாலோ, கொஞ்சம் பணம் அனுப்பியிருந்தாலோ, அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் கடைசியாக அவரிடமிருந்து பணம் வந்த தேதியை இன்றைக்கே பாருங்கள். மூன்று வருடம் முடிய ஒரு மாதம்தான் இருக்கிறது என்றாலும் மனுவை அதற்குள் போட்டுவிடலாம்.