42 எச்.பி. டிராக்டருக்கு எத்தனை அடி ஸ்லாஷர்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் 6 ஏக்கர் தென்னந்தோப்பு, 25 அடிக்கு 25 அடி நடவு. 42 எச்.பி. பழைய டிராக்டர் வைத்திருக்கிறேன். மழை விட்டதும் புல்லும் பார்த்தீனியமும் இடுப்பளவு வந்துவிடுகிறது. பொள்ளாச்சி விற்பனையாளர், டிராக்டரின் பின்னால் மாட்டிக் களை வெட்டும் ஸ்லாஷரில் 7 அடி எடுக்கச் சொல்கிறார், மானியமும் அவரே வாங்கித் தருவாராம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் 5 அடி போதும் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: 6 அடி எடுங்கள்.

பானட்டில் எழுதியிருக்கும் 42 எச்.பி. என்ஜினுக்கு உரியது. பின்னால் கருவியைச் சுற்ற வைக்கும் தண்டான பி.டி.ஓ.வுக்கு வந்து சேர்வது அதில் ஏறக்குறைய 85 சதவீதம்தான். ஆக 35, 36 எச்.பி.; பழைய வண்டிக்கு இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். வெறும் புல்லுக்கு ஸ்லாஷர் அகலத்தில் அடிக்கு 5 எச்.பி. வேண்டும். கட்டைவிரல் தடிமனில் செடி கலந்திருந்தால் அடிக்கு 6. உங்கள் தோப்பில் 7 அடிக்கு 42 எச்.பி. ஆகிறது, அவ்வளவு உங்களிடம் இல்லை. களை கனத்த இடத்தில் என்ஜின் முக்கும், பி.டி.ஓ. சுற்று நிமிடத்துக்கு 540-லிருந்து இறங்கும், கத்தி வெட்டாமல் பிய்க்கும். பிய்ந்தது தட்டுக்கு அடியில் அடைத்துக்கொள்ளும். 6 அடிக்கு 36 தேவை. லோ கியரில் மெதுவாகப் போனால் உங்கள் வண்டி தாங்கும்.

5 அடி வேண்டாம் என்பதற்குக் காரணம் டயர். பின்டயர்களை வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் டேப் வைத்து அளந்து பாருங்கள். 13.6-28 டயர் போட்ட வண்டியில் அது பெரும்பாலும் ஐந்தரை அடியைத் தாண்டும். டயர் மிதித்த ஓரப் புல் 5 அடி ஸ்லாஷருக்குச் சிக்காமல் படுத்து, இரண்டு நாளில் எழுந்து நிற்கும்.

தோப்புக் கணக்கும் 6 அடிக்கே ஒத்து வருகிறது. ஒவ்வொரு மரத்துக்கும் அடியிலிருந்து நாலா பக்கமும் 6 அடி வட்டப்பாத்தி விட்டால், இரண்டு வரிசைக்கு நடுவே மிஞ்சுவது 13 அடி. 6 அடி ஸ்லாஷர், முதல் நடை வெட்டியதன் மேல் அரை அடி ஏறி ஓட்டினாலும், இரண்டு நடையில் பதினொன்றரை அடி முடிக்கும். 7 அடிக்கும் அதே இரண்டு நடைதான், ஆனால் பதின்மூன்றரை அடி ஆகி பாத்தி வரப்பில் ஏறும், சொட்டுநீர்க் குழாயை இழுக்கும். விழுந்து கிடக்கும் மட்டைகளை முதலிலேயே பொறுக்கிவிடுங்கள். அடிமட்டையைத் தூளாக்குவது வேறு இயந்திரத்தின் வேலை.

கடையில் '7 அடி' என்று விற்பது பல நேரம் தகட்டின் மொத்த அகலம். வெட்டும் அகலம் அதைவிடக் குறைவு. பி.டி.ஓ. ஷாப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கத்தியையும் விரித்து நுனிக்கு நுனி அளக்கச் சொல்லுங்கள். 'கியர்பாக்ஸ் 50 எச்.பி. தாங்கும்' என்பதிலும் ஏமாற வேண்டாம். அது ஸ்லாஷரில் உள்ள கியர்பாக்ஸின் பலம், உங்கள் டிராக்டரின் பலம் அல்ல. மத்தியப் பிரதேசம் புத்னியில் அரசே டிராக்டர்களைச் சோதித்து பி.டி.ஓ. சக்தியை அறிக்கையில் அச்சிடுகிறது. அதை விவசாயி கண்ணில் படும்படி ஷோரூம் சுவரில் ஒட்டச் சொல்ல இத்தனை ஆண்டுகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மானியம் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். தோப்பு பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு வேளாண் பொறியியல் துறை கேட்கும் சிட்டாவை அந்த நிலத்துக்கு எங்கே போய் வாங்குவார்? வேறு யார் பெயரிலாவது போட்டு, பட்டியலில் 'பெரிய' இயந்திரத்தை உங்கள் தலையில் கட்டுவதுதான் நடக்கும். நிலம் உள்ள மாநிலத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அது கேரளம். மத்திய அரசின் வேளாண் இயந்திரத் தளத்தில் நீங்களே பதிவு செய்யலாம், உள்ளூர் வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் உதவி கேளுங்கள். சிறு, குறு விவசாயி, பெண்கள், பட்டியல் இனத்தவருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40, உச்சவரம்புக்கு உட்பட்டு. அனுமதி கைக்கு வருமுன் வாங்கிவிடாதீர்கள். எல்லையோரத்தில் பாதிப் பேருக்கு வீடு ஒரு மாநிலம், தோப்பு ஒரு மாநிலம். இது இரு பக்கத்து அலுவலகங்களுக்கும் தெரியும். தெரிந்தும் அலைய விடுகிறார்கள், அந்த இடைவெளியில் தரகர் பிழைக்கிறார்.

பழைய டிராக்டர் என்று எழுதியிருப்பதால் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் வண்டி சிங்கிள் கிளட்ச்சா, டபுள் கிளட்ச்சா? கருவி எதுவும் மாட்டாமல், ஆள் இல்லாத திறந்த இடத்தில், பி.டி.ஓ.வைப் போட்டு லோ கியரில் ஓட்டி கிளட்சை மெல்ல மிதியுங்கள். சக்கரம் நின்ற பிறகும் பி.டி.ஓ. சுற்றினால் டபுள். இரண்டும் ஒன்றாக அடங்கினால் சிங்கிள். சிங்கிள் கிளட்ச் வண்டியில் ஸ்லாஷர் ஆபத்தானது. வேகமெடுத்த கத்தித் தட்டு கிளட்சை மிதித்த பிறகும் சுற்றும். அந்த வேகம் ஷாப்ட் வழியாக டிராக்டர் கியர்பாக்ஸுக்குத் திரும்பி சக்கரத்தைத் தள்ளும். பிரேக் போட்டாலும் வண்டி முன்னேறும், எதிரே மரமோ கிணற்று மேடோ இருக்கலாம். சுமையில் இருக்கும் கியரை நியூட்ரலுக்கு இழுத்தாலும் சட்டென்று வராது. ஓவர்ரன்னிங் கப்ளர் ஒன்றை பி.டி.ஓ. தண்டில் மாட்டினால் இது தீரும். என்ஜின் பக்கமிருந்து வரும் சுற்றை மட்டும் அது கடத்தும், கத்திப் பக்கமிருந்து திரும்பி வருவதை விட்டுவிடும். ஸ்லாஷரிலேயே அந்த வசதி இருந்தால் தனியாக வேண்டாம். எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கப்ளர் மாட்டினால் தண்டு சில அங்குலம் நீளும், ஷாப்ட்டை அதற்கேற்ப வெட்ட வேண்டிவரும். கருவியை ஏற்றி இறக்கிப் பார்த்து, எந்த நிலையிலும் ஷாப்ட்டின் இரண்டு குழாய்களும் முட்டாமலும், மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்கும்படியும் வெட்டச் சொல்லுங்கள்.

கத்தி எதிலாவது மோதினால் தானே அறுந்து ஸ்லாஷரைக் காப்பது ஷியர் போல்ட்; அது அறுந்தால் அதே ரகத்தைப் போடுங்கள். பழைய போல்ட்டின் தலையில் எண் இருக்கும். அடிக்கடி அறுகிறதே என்று எளிதில் அறாத ஹைடென்சில் போல்ட் போட்டால் அடுத்த தென்னங்கட்டையில் ஸ்லாஷரின் கியர்பாக்ஸ்தான் உடையும். கத்தி மாற்றினால் இரண்டையும் ஒரே எடையில் சேர்த்து மாற்றுங்கள். வெட்டு உயரம் 3, 4 அங்குலம், முன்பக்கம் ஓர் அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். பின்னால் கல் தெறிக்காமல் தடுக்கும் சங்கிலித் திரை இல்லாத ஸ்லாஷரை டெலிவரியே எடுக்காதீர்கள்.